இட்லியில் ஒளித்த கேரட்

அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான பள்ளியில் 11 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். மதிய உணவு வேளையில் வாயை இறுக மூடிக்கொள்ளும் குழந்தையை "அடம் பிடிக்கிறது" என்று சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது. அதை நான் விட்டதற்குக் காரணம், டவுன் நோய்க்குறியுடன் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) பிறந்த 8 வயதுச் சிறுவன் ஒருவன்.

இட்லியும் தயிர்சாதமும் தவிர வேறெதையும் அவன் தொடமாட்டான். இட்லியைக்கூட முகர்ந்து, திருப்பிப் பார்த்து, கிள்ளி நாக்கில் வைத்து, அது கரைந்த பிறகே விழுங்குவான். காய்கறியே உள்ளே போகவில்லையே என்ற கவலையில், கேரட்டைத் துருவி மாவில் கலந்து இட்லி ஊற்றும்படி அவனுடைய அம்மாவிடம் சொன்னவள் நான்தான். மறுநாள் அவன் அந்த ஆரஞ்சு இழைகளை ஒவ்வொன்றாக உருவித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அதன்பின் மூன்று வாரங்கள் வெள்ளை இட்லியையும் ஏற்கவில்லை. "இருந்த ரெண்டுல ஒண்ணையும் விட்டுட்டான் மிஸ்" என்று அம்மா கண்கலங்கினார். அவன் நம்பியிருந்த இரண்டே உணவுகளில் ஒன்றை நான் கெடுத்திருந்தேன்.

பல் மருத்துவரிடம் காட்டியபோது கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை இருந்தது. வலியைச் சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை. வாயை மூடத்தான் தெரியும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்குத் தசைகள் தளர்வாக இருக்கும், பல்லும் தாமதமாக முளைக்கும். உணவை நாக்கால் பக்கவாட்டில் தள்ளி மெல்லுவது பலருக்குக் கடினம். குழம்பும் பருக்கையும் காய்த்துண்டும் கலந்த சாம்பார்சாதம் அவர்களுக்கு ஒரே வாயில் மூன்று வேலை. மலச்சிக்கலும் சேர்ந்தால் பசியே எடுக்காது. இது புரியாமல் மூக்கைப் பிடித்து ஊட்டும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் ஆபத்தை, கோபப்படாமல், திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சொத்தைக்குச் சிகிச்சை முடிந்தபின், அவன் தட்டுக்கு அருகே ஒரு சிறு கிண்ணத்தில் வேகவைத்த கேரட் துண்டு ஒன்றை வைத்தோம். சாப்பிடச் சொல்லவே இல்லை. பொதுவாகக் குழந்தைகள் புதிய உணவை ஏற்க 8 முதல் 15 முறை பார்த்துப் பழக வேண்டும் என்பார்கள். அவனுக்கு நான்கு மாதங்கள் ஆயின. முதலில் கிண்ணத்தைத் தள்ளாமல் இருந்தான், பிறகு விரலால் தொட்டான். சென்ற வாரம் துண்டை எடுத்து ஒருமுறை நக்கிவிட்டு, கிண்ணத்திலேயே திருப்பி வைத்தான்.