முந்நூறு பிரதிகள், ஒரு கறுப்புப் பேனா

போன சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான், எழுத்தாளர் ஐயா, அவர் மனைவி. எதிரே மூன்று அட்டைப்பெட்டிகள். ஐயாவின் கதைப் புத்தகம், 300 பிரதிகள். ஒவ்வொன்றிலும் நான்கு இடங்களைப் பேனாவால் திருத்த வேண்டும்.

ஐயாவுக்கு 74 வயது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முதல் கதையை இரவு வேலையில், கப்பல் வரத் தாமதமான நேரத்தில், கணக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாராம். இன்றும் கையெழுத்துதான். பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கொண்டுவருவார், நான் தட்டச்சு செய்து கொடுப்பேன். பகலில் ஜூரோங்கில் ஒரு கிடங்கின் கணக்குகளைப் பார்க்கிறேன். இரவில் ஐயாவின் கதைகள். எட்டு வருடங்களாக இப்படித்தான்.

புத்தகத்தைச் சென்னையில் அச்சடித்தோம். இங்கே அடித்தால் கட்டுப்படியாகாது. நான் அனுப்பிய கோப்பு சரியாகத்தான் இருந்தது. அங்கே பிழை திருத்தியவர், பாவம், நல்லது செய்வதாக நினைத்து, எங்கள் ஊரில் கிராமத்துக்குச் சொல்கிற ‘கம்பம்’ என்று இருந்த மூன்று இடங்களிலும் ‘கிராமம்’ என்று மாற்றிவிட்டார். நான்காவது மாற்றம்தான் ஐயாவைத் தூங்கவிடவில்லை. ‘ஐந்து வெள்ளி’, அதாவது ஐந்து டாலர், என்பது ‘ஐந்து வெள்ளிக் காசுகள்’ ஆகிவிட்டது.

அந்தக் கதை 1971இல் நடக்கிறது. செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரர்கள் கடற்படைத் தளத்தை விட்டுப் போகிற வருடம். அப்பாவின் கடைசிச் சம்பளத்திலிருந்து ஒரு ஐந்து வெள்ளி நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறான் மகன். வழியில் மழை. கடைவாசலில் எடுத்துப் பார்க்கிறான். நோட்டு நனைந்து நான்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தால் கிழிந்துவிடுமோ என்று அப்படியே நிற்கிறான். அங்கே கதை முடிகிறது. சரி, அது காசாக இருந்தால்? மழையில் நனைந்தால் என்ன? கதையே இல்லை.

அச்சாகும் முன் சரிபார்க்க வேண்டிய மெய்ப்பு என் கைக்குத்தான் வந்தது. வருடக் கணக்கு முடிக்கிற வாரம். பக்க எண்களையும் தலைப்புகளையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பிவிட்டேன். என் தவறுதான் அது. ஐயா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “பேனா இருக்கும்மா, உட்கார்ந்து திருத்திடலாம்” என்றார்.

அம்மா பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பார், ஐயா எழுதுவார், நான் மை காயும்வரை ஊதி அடுக்குவேன். ‘க் காசுகள்’ என்பதன் மேல் ஒரே கோடு. ‘கிராமம்’ மேல் கோடு, அதற்கு மேலே பொடி எழுத்தில் ‘கம்பம்’. விரல் நடுங்குகிறது, ஆனால் எழுத்து நடுங்கவில்லை. தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய இரண்டு பிரதிகளை முதலில் எடுத்துக்கொண்டார். “நான் போன பிறகும் அங்க இருக்கும்” என்று சொல்லி அவற்றுக்கு மட்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார்.

வேலைக்கு நடுவே பேச்சு மற்ற எழுத்தாளர்கள் பக்கம் போனது. இந்த ஊரில் கதை எழுதியே பிழைத்தவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. 1888இல் ‘வினோத சம்பாஷணை’ என்ற கதை எழுதிய மகதூம் சாயபுவும் ‘சிங்கைநேசன்’ பத்திரிகையை நடத்திக்கொண்டேதான் எழுதினார். ராம. கண்ணபிரான் பள்ளி ஆசிரியராக இருந்தவர். புதுமைப்பித்தன் மேல் கொண்ட பற்றால் புதுமைதாசன் என்று பெயர் வைத்துக்கொண்ட பி. கிருஷ்ணன் வானொலியில் இருந்தவர். ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ தொகுப்புக்காக 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வாங்கிய லதா, தமிழ் முரசில் பணியாற்றிய பத்திரிகையாளர். எல்லாரும் வேறொரு வேலையின் ஓரத்தில் எழுதியவர்கள். அதனால் அவர்கள் எழுத்து ஓரத்து எழுத்து என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். துறைமுகம் இல்லாமல் ஐயாவின் கதைகள் ஏது?

எனக்கு மிகவும் நெருக்கமானவர் நா. கோவிந்தசாமி. நேரில் பார்த்ததில்லை. 1999இல் மறைந்துவிட்டார். ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்தவர், சிறுகதை எழுதியவர். அவரேதான் கணினியில் தமிழ் எழுத ‘கணியன்’ என்ற முறையை உருவாக்கினார். இணையத்தில் தமிழ் வந்த ஆரம்ப நாட்களில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். ஒரு சிறுகதைக்காரர் அப்படி மெனக்கெட்டிருக்கிறார் என்ற எண்ணம் ஐயாவின் நோட்டைத் தட்டச்சு செய்கிற பல இரவுகளில் எனக்கு வந்திருக்கிறது.

எட்டு மணிக்கு அம்மா பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டார். 212 முடிந்திருந்தது. மீதி வரும் சனிக்கிழமை. வெளியீட்டு விழாவுக்கு வருகிறவர்கள் அடித்தல் திருத்தலைப் பார்த்து முகம் சுளிப்பார்களோ என்று கேட்டேன். “கதை சரியா இருந்தா போதும்மா” என்றார்.

கிளம்பும்போது அடுத்த நோட்டைக் கையில் கொடுத்தார். பேருந்தில் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே எங்கள் ஊர்ப் பேச்சில் புழங்கும் ‘பாசாக்கடை’ வந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: ‘இது பிழையில்லை. இப்படியே இருக்கட்டும்.’