புறா எப்போது தலை நிமிர்கிறது? ஒரு கவனிப்புப் பதிவு

விலங்கு நடத்தை பற்றி எது கிடைத்தாலும் படிப்பவன் நான். படித்ததில் ஒன்றையாவது என் கண்ணாலேயே பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. ஆய்வகம் வேண்டாம், கூண்டு வேண்டாம், எந்த உயிருக்கும் தொந்தரவு கூடாது. அப்படித் தேடியபோது அகப்பட்டது ஒரு பழைய கேள்வி: கூட்டமாக மேயும் பறவை, தனியாக மேயும் பறவையைவிடக் குறைவாகத் தலை நிமிர்ந்து பார்க்குமா?

பார்க்கும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1973-ல் ரொனால்ட் புல்லியம் என்ற சூழலியலாளர் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார். கூட்டத்தில் எத்தனை கண்கள் இருக்கின்றனவோ, வேட்டைப் பறவை வருவதை யாராவது ஒருவர் கண்டுவிடும் வாய்ப்பும் அவ்வளவு கூடும். அதனால் ஒவ்வொரு பறவையும் கொஞ்சம் குறைவாக நிமிர்ந்தாலும் கூட்டத்தின் பாதுகாப்பு கெடாது. 1978-ல் ராபர்ட் கென்வர்ட் பழக்கிய வல்லூறு ஒன்றைக் காட்டுப் புறாக்கள் மீது ஏவிப் பார்த்தார். தனிப் புறாவிடம் அது பெரும்பாலும் வென்றது. பெரிய கூட்டத்திடம் அரிதாகவே வென்றது. கூட்டம் பெரிதாக ஆக, புறாக்கள் எதிரியை இன்னும் தூரத்திலேயே கண்டு பறந்துவிட்டன.

சரி, இதை நான் எப்படிப் பார்ப்பது? திறந்த வெளியில் தானியம் பொறுக்கும் சாதாரணப் புறாக்கள் போதும். கைபேசியை ஒரு முக்காலியில் நிறுத்தி, புறாக்கள் என்னைப் பொருட்படுத்தாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வேலை நடத்தைப் பட்டியல் எழுதுவது. இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். "எச்சரிக்கையாக இருக்கிறது" என்று பட்டியலில் எழுதக்கூடாது, ஏனென்றால் அது என் ஊகம். "அலகு கிடைமட்டத்துக்கு மேலே, கண் முதுகின் மட்டத்துக்கு மேலே" என்று எழுதலாம். அது யார் பார்த்தாலும் ஒன்றுதான். இந்த முறையில் கொத்துதல், நிமிர்தல், நடத்தல், சிறகு கோதுதல் எனச் சில வரிகள் எழுதினேன். கழுத்தைப் பருக்கவைத்து, கூவிக்கொண்டே பெட்டையைச் சுற்றிவரும் ஆணுக்குத் தனிக் குறியீடு கொடுத்தேன். அது அப்போது மேயவே இல்லை; அதன் நிமிர்வை மற்றவற்றோடு சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

நடத்தலில்தான் சிக்கல். புறா நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடுவதுபோலத் தெரிகிறது, அதில் எதை நிமிர்தல் என்பது? வீடியோவை மிக மெதுவாக ஓட்டினேன். திரையில் புறாவின் கண் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஒட்டுப்பொட்டு வைத்துவிட்டு, ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேம்) நகர்த்தினேன். ஆடுகிற தலை என்று நான் நினைத்திருந்தது உண்மையில் நிற்கிற தலை! உடல் முன்னே நகரும்போது தலை வெளியில் ஒரே இடத்தில் அப்படியே நிற்கிறது. பிறகு சட்டென்று முன்னே பாய்ந்து மறுபடி நிற்கிறது. பின்னோக்கி வருவதே இல்லை. காட்சி கலங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1978-ல் பாரி ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர் புறாவை ஓடுபட்டை (ட்ரெட்மில்) மேல் நடக்கவிட்டார். கால் நடக்கிறது, ஆனால் சுற்றியுள்ள காட்சி நகரவில்லை, தலையாட்டலும் நின்றுபோனது. நடையல்ல, காட்சியின் நகர்வுதான் தலையை இயக்குகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. இதை வீட்டில் ஒரு கைபேசியை வைத்தே பார்க்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். யார் கேட்டாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்பேன்.

அடுத்து, எந்தப் புறாவைப் பின்தொடர்வது? கண் தானாகவே துறுதுறுப்பான பறவையிடம் போகும். தோன்றியதையெல்லாம் குறித்தால் பதிவு முழுக்கச் சண்டையும் காதலும்தான் இருக்கும், அமைதியாக மேய்ந்த பறவை காணாமல் போகும். ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய கட்டுரை இந்தச் சாய்வைப் பிரித்துக் காட்டியது; ஒரு விலங்கை மட்டும் தேர்ந்து, குறித்த நேரம் வரை அதை விடாமல் பதியும் முறையை அவர் வலியுறுத்தினார். நானும் அதைப் பின்பற்றினேன். திரையில் இடமிருந்து மூன்றாவது புறா, ஒரு நிமிடம், அவ்வளவுதான். அது எவ்வளவு சலிப்பூட்டினாலும் மாற்றுவதில்லை. மூன்று புறா இல்லாத கூட்டத்தில் இடக்கோடிப் புறா. பத்து உடல்நீளத்துக்குள் இன்னொரு புறா இருந்தால் அதுவும் அதே கூட்டம் என்று வைத்துக்கொண்டேன்.

எண்ணிய வீடியோக்களில் சிலவற்றைப் பல நாள் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி எண்ணினேன். அப்புறம் நண்பர் ஒருவரிடம் பட்டியலை மட்டும் கொடுத்து, நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று சொல்லாமல் எண்ணச் சொன்னேன். கொத்துதலில் இருவரும் ஒத்துப்போனோம். நிமிர்தலில் வேறுபாடு வந்த இடங்களை உட்கார்ந்து பார்த்தால், எல்லாம் அரைகுறையாகத் தலை தூக்கிய தருணங்கள். முதலில் சொன்ன வரையறையில் அலகின் கோணத்தைச் சேர்த்தது அதற்குப் பிறகுதான்.

இனி என்ன தெரிந்தது என்று சொல்கிறேன். தனிப் புறா அடிக்கடி நிமிர்கிறது. நான்கைந்து சேர்ந்தவுடனே அது தெளிவாகக் குறைகிறது. அதற்கு மேல் கூட்டம் எவ்வளவு வளர்ந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. பெரிய கூட்டத்துக்குள்ளேயே விளிம்பில் மேயும் புறா நடுவில் இருப்பதைவிட அதிகம் நிமிர்கிறது. இந்த விளிம்பு வேறுபாட்டைக் கண்டபோது 1971-ல் பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் சொன்னது நினைவுக்கு வந்தது: ஆபத்து வெளியிலிருந்து வருமானால் ஒவ்வோர் உயிரும் தனக்கும் ஆபத்துக்கும் நடுவில் இன்னொன்றை நிறுத்தப் பார்க்கும், கூட்டம் உருவாவதே அப்படித்தான் என்றார் அவர்.

இதோடு நிறுத்தி "கணக்கு சரியாக வந்தது" என்று சொல்ல எனக்கு மனமில்லை. கூட்டம் கூடினால் போட்டியும் கூடும். பக்கத்துப் பறவை பொறுக்குவதற்குள் தான் பொறுக்க வேண்டும் என்ற அவசரத்திலும் தலை தாழ்ந்தே இருக்கும். பாதுகாப்பால் குறைந்த நிமிர்வும் போட்டியால் குறைந்த நிமிர்வும் என் தாளில் ஒரே எண்ணாகத்தான் விழுகின்றன. இன்னொன்று, புறாவின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அதன் பார்வை 300 பாகைக்கும் மேல் விரிந்தது. தலை குனிந்திருந்தால் பார்க்கவில்லை என்று யார் சொன்னது? ஸ்டீவன் லிமாவும் பீட்டர் பெட்னகாஃபும் 1999-ல் ஜங்கோ என்ற சின்னப் பறவைகளிடம் இதைச் சோதித்தார்கள். குனிந்து மேய்ந்த பறவையும் எதிரி வருவதைக் கண்டது. நிமிர்ந்திருந்த பறவை அளவுக்கு விரைவாக இல்லை, அவ்வளவுதான். ஆக, நான் எண்ணுவது பார்வையை அல்ல, பார்வையின் ஒரு பகுதியை மட்டுமே.

இதற்கு நடுவில் மனிதர்களிடமும் ஆர்வம் போனது. 1972-ல் டேவிட் பராஷும், 1986-ல் விர்ட்ஸ், வாவ்ரா இருவரும் பொது இடத்தில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். தனியாகச் சாப்பிடுகிறவர் அதிகம் நிமிர்ந்து பார்க்கிறார், கூட்டம் கூடக்கூட அது குறைகிறது. மனிதர்களை நான் படம் எடுக்கவில்லை. யார் என்று அடையாளம் தெரியும் எதையும் எழுதவும் இல்லை. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மேசையைத் தாண்டிப் பார்வை எத்தனை தடவை போனது என்று கோடு மட்டும் இழுத்தேன். போக்கு புறாக்களுடையதைப் போலவே இருந்தது.

இங்கேதான் பல அறிவியல் கட்டுரைகள் அவசரப்படுகின்றன என்பது என் எண்ணம். இரண்டு கோடுகள் ஒரே பக்கம் சரிவதால் காரணமும் ஒன்றே என்று ஆகாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் நிகோ டின்பெர்கன் 1963-ல் நடத்தையைப் பற்றி நான்கு கேள்விகளைப் பிரித்து வைத்தார்: எது அதை இயக்குகிறது, எதற்குப் பயன்படுகிறது, ஒரு உயிரின் வாழ்நாளில் எப்படி வளர்கிறது, பரிணாமத்தில் எப்படி வந்தது. என் தாளிலுள்ள எண்கள் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட முழு விடை தருவதில்லை. நண்பர்களோடு சாப்பிடுகிறவர் பேச்சில் ஆழ்ந்திருக்கிறார், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். புறாவுக்கு அந்த வேலையே இல்லை.

கைபேசியும் குறுக்கே வருகிறது. 1972-ல் தனியாக உட்கார்ந்தவருக்குத் தட்டும் அறையும்தான் இருந்தன. இன்று அவர் குனிந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி திரைக்குப் போகிறது. அந்தப் பழைய ஆய்வுகளோடு என் கோடுகளை ஒப்பிட வேண்டுமானால் அதைப் பிரித்தாக வேண்டும். இப்போது மனிதர்களுக்கான தாளில் "திரை நோக்கிக் குனிதல்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். புறாக்களுக்கு, தானியம் அடர்த்தியாகக் கிடக்கும் இடத்தையும் சிதறிக் கிடக்கும் இடத்தையும் தனித்தனியே பதியத் தொடங்கியிருக்கிறேன். போட்டிதான் தலையைத் தாழ்த்துகிறது என்றால், ஒரே அளவுள்ள கூட்டத்திலும் இந்த இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும்.