பொலேரோவுக்கு பம்பர் கார்டு

குமுளி மலையேறி ஏலத்தோட்டம் போகிற வண்டிக்கு பம்பர் கார்டு, அதாவது முன் பம்பருக்கு வெளியே மாட்டுகிற இரும்புச் சட்டம், போடச் சொல்லி மச்சான் நச்சரிக்கிறார். சரி என்று கம்பத்தில் ஒரு கடைக்குப் போனேன். பளபள ஸ்டீல் குழாய், தட்டினால் தகர டப்பா சத்தம். வெல்டிங் ஓரத்தில் இப்போதே துரு. பக்கத்தில் கறுப்பு பவுடர் கோட்டிங் போட்டது நல்ல கனம், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டுவது. உழைக்கும், சந்தேகமில்லை.

சிக்கலே அந்த உறுதிதான். பம்பர் நசுங்கி வாங்க வேண்டிய அடி நேரே சேஸிஸுக்குப் போகும். ஏர்பேக் விரிகிற நேரமும் தப்பலாம். குறுக்கே வருகிற ஆள் கதியைச் சொல்லவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இந்த கார்டு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. செடி உரசலுக்கு பம்பரே போதும். கல்லுக்கு இன்ஜின் அடியில் ஒரு தகடு. மச்சான்தான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.