ஸ்டீல்ஸுக்குத் தெற்கே 20, வடக்கே 15

ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஸ்காபரோ, அதாவது ரொறன்ரோ மாநகரம். வடக்கே மார்க்கம். சிட்டி விதிப்படி ரொறன்ரோவில் வீட்டு வளவுப் புல் 20 செ.மீ. வரை வளரலாம், மார்க்கத்தில் 15 செ.மீ.தான். மிசிசாகாவும் பிரம்டனும் 20. ஸ்காபரோவில் பத்து வருடம் இருந்துவிட்டு மார்க்கத்தில் வீடு வாங்கியவர்களுக்குத்தான் முதல் கோடையிலேயே புல்லை வெட்டச் சொல்லி சிட்டியின் நோட்டீஸ் வருகிறது.

எவ்வளவு உயரம் என்பதைவிட எதை அளக்கிறார்கள் என்பதில்தான் குழப்பம் அதிகம். 2021 டிசம்பரில் ரொறன்ரோ தன் விதியைத் திருத்தியது. இப்போது அந்த 20 செ.மீ. புல்தரைக்கு மட்டும்தான். பூச்செடிகளும் வண்ணத்துப்பூச்சிக்காக வைத்த மில்க்வீட்டும் இடுப்பளவு நின்றாலும் குற்றமில்லை. முன்பு கேட்ட இயற்கைத் தோட்ட விலக்கு விண்ணப்பமும் தேவையில்லை. ஆனால் தடைசெய்த செடிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. டாக் ஸ்ட்ராங்லிங் வைன், கார்லிக் மஸ்டர்ட் போன்றவை விரலளவு நின்றாலும் பிடுங்கத்தான் வேண்டும். மார்க்கத்தில் புல், களை இரண்டுக்கும் ஒரே உயரம். நடுவளவைப் பாய் போல வெட்டிவிட்டு, வேலியோரத்திலும் ஏசி பெட்டிக்குப் பின்னாலும் முழங்கால் உயரத்துக்குத் திசில் முள்ளை விட்டால், அதுவே போதும் கடிதம் வர. நடைபாதைக்கும் வீதிக்கும் இடையிலுள்ள புல்லும் உங்கள் பொறுப்பு. நிலம் சிட்டியுடையது, வெட்டவேண்டியது நீங்கள்.

கடிதத்தில் முதலில் பார்க்கவேண்டியவை கெடு தேதியும் அதிகாரியின் தொலைபேசி எண்ணும். நேரம் போதாவிட்டால் கெடு முடியுமுன் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முடிந்தபிறகு சொல்வது பெரும்பாலும் எடுபடாது. அளவுகோலை மண்ணில் ஊன்றி, வெட்டுமுன்னும் பின்னும் ஒரே இடத்தில் படம் எடுத்து வையுங்கள். கெடு தாண்டினால் சிட்டியே ஆள் வைத்து வெட்டும். அந்தச் செலவைச் சொத்துவரியோடு சேர்த்து வாங்க ஒன்ராறியோ மாநகராட்சிச் சட்டத்தின் 446ஆம் பிரிவு மார்க்கத்துக்கு அதிகாரம் தருகிறது. வட்டி ஆண்டுக்கு 15 வீதம் வரை போகலாம். ரொறன்ரோவுக்குத் தனிச் சட்டம் என்றாலும் சங்கதி அதேதான். பேஸ்மென்டில் இருப்பவர் வெட்டுவதாக ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கதை. பில் வீட்டுக்காரருக்கே வரும்.

முழங்கால் உயரப் புல்லில் நேரே மெஷினை விடாதீர்கள். அடித்தட்டு அடைத்து எஞ்சின் நின்றுவிடும். திடீரென வெயில் படுவதால் அடித்தண்டும் மஞ்சளாகிக் கருகும். முதலில் வளவைச் சுற்றி நடந்து கல், கம்பி, தண்ணீர்க் குழாய் இருந்தால் பொறுக்குங்கள். பனி காய்ந்தபின் டிரிம்மரால் மேல் பாதியை ஒருதரம், பிறகு 12 செ.மீ. அளவுக்கு இன்னொருதரம் வெட்டி வாருங்கள். இந்தக் கட்டத்திலேயே இரண்டு சிட்டியின் அளவுக்குள்ளும் வந்துவிடும். பிறகு மெஷினை ஆக உயரத்தில், ஏறக்குறைய 10 செ.மீ.யில் வைத்து, தட்டின் பாதி அகலம் மட்டும் புல்லில் படும்படி ஓட்டுங்கள். மூன்று நாலு நாள் விட்டு 8 செ.மீ.க்கு இறக்கலாம். வெட்டிய புல்லை ரொறன்ரோ எடுப்பதில்லை; பொடியாக்கித் தரையிலேயே விடுங்கள். டாக் ஸ்ட்ராங்லிங் வைனின் காய்களைக் கறுப்புப் பையில் கட்டி, சில வாரம் வெயிலில் போட்டபின் குப்பையில் சேருங்கள். உரக்குழிக்குப் போனால் அடுத்த வருடம் வளவு முழுக்க அதுதான்.

மருந்து அடிக்கலாமே என்றால், அழகுக்காகப் புல்தரைக்குக் களைகொல்லி அடிப்பது ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலிலிருந்து தடை. எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவில் வாங்கிவந்தாலும் அதே சட்டம்தான். இரும்புச் சத்தால் செய்த களைகொல்லிக்கு மட்டும் அனுமதி உண்டு. சில மணி நேரத்தில் டான்டேலியன் இலை கறுக்கும். வேர் மறுபடி தளிர்க்குமென்பதால் சில வாரம் கழித்து இன்னொருதரம் அடிக்கவேண்டிவரும். சிமெந்தில் பட்டால் உடனே கழுவுங்கள், துருக்கறை போகவே போகாது.

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போகிறவர்களுக்கு: மழை குறைந்தால் புல் காய்ந்து நின்றுவிடும், களை நிற்காது. மே, ஜூனிலோ 8 செ.மீ.க்கு வெட்டியது மார்க்கத்தின் எல்லையைத் தொட இரண்டு வாரம் போதும். வெட்ட ஆள் பிடிக்கும்போது வேலியோரத்தையும் வீதியோரத்தையும் தனியாகச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வட்ஸ்அப்பில் படம் கேளுங்கள்.