தோலின் நிறமும் பிரதிநிதிக் கணக்கும்: 2008 பிரைமரி நாட்குறிப்பு

ஜனவரி 4, வெள்ளி

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் முதல் மாநிலமான அயோவா முடிந்தது. ஒபாமா 37.6 விழுக்காடு, எட்வர்ட்ஸ் 29.7, ஹிலாரி 29.5. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெள்ளையர் வாழும் மாநிலம் இது. அங்கே ஒரு கறுப்பின வேட்பாளர் எட்டுப் புள்ளி முன்னே வந்திருக்கிறார். வந்தவர்களும் அதிகம்: 2004இல் ஒன்றேகால் லட்சத்தை எட்டவில்லை, நேற்று இரண்டே கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

காகஸ் என்பது கட்சி ஆதரவாளர்கள் நேரில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்; அதில் ரகசிய வாக்கு கிடையாது. பள்ளிக்கூட அரங்கிலோ தேவாலயக் கூடத்திலோ, இரவு ஏழு மணிக்கு அக்கம்பக்கத்தார் பார்க்க அவரவர் வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும். ஓர் அறையை எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக). வந்தவர்கள் 120 பேர், அந்த வட்டாரத்துக்கு 6 பிரதிநிதிகள் (வேட்பாளர் சார்பில் அடுத்த கட்ட மாநாட்டுக்குப் போகிறவர்கள்). முதல் எண்ணிக்கையில் ஒபாமா 52, ஹிலாரி 31, எட்வர்ட்ஸ் 27, ரிச்சர்ட்சன் 10. இடம் பெறக் குறைந்தபட்ச வரம்பு 15 விழுக்காடு, அதாவது 18 தலைகள். ரிச்சர்ட்சன் ஆட்கள் கலைய வேண்டும். ஏழு பேர் ஒபாமா பக்கம், மூன்று பேர் எட்வர்ட்ஸ் பக்கம் போகிறார்கள். இப்போது 59, 31, 30. ஒவ்வொன்றையும் 6ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் 2.95, 1.55, 1.50. மூன்றையும் மேல்நோக்கி முழுமையாக்கினால் ஏழு இடம் வருகிறது, இருப்பதோ ஆறு. பின்னம் குறைந்தவர் ஒன்றை இழக்கிறார். முடிவு 3, 2, 1. ஒரே ஓர் ஆள் வித்தியாசத்தில் எட்வர்ட்ஸுக்கு ஓர் இடம் போயிற்று. கலைந்தவர்கள் இரண்டாவதாக யாரை விரும்புகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரியும்.

ஜனவரி 10, வியாழன்

நியூ ஹாம்ப்ஷயரில் பிரைமரி, அதாவது ரகசியச் சீட்டு வாக்குப்பதிவு: ஹிலாரி 39, ஒபாமா 36.5. கருத்துக்கணிப்புகள் ஒபாமா எட்டுப் புள்ளி முன்னே என்றன. உடனே எல்லோரும் "பிராட்லி விளைவு" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். 1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் கணிப்புகளில் முந்தியிருந்த கறுப்பின மேயர் டாம் பிராட்லி தோற்றார். கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிவிட்டுத் திரைக்குள் வேறொன்று செய்தார்கள் என்பது வாதம். அயோவாவில் வெளிப்படையாக நின்றார்கள், இங்கே ரகசியச் சீட்டு, ஆகவே பொருந்துகிறது என்கிறார்கள்.

எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒபாமாவுக்குக் கணித்தது ஏறக்குறைய 37, 38. கிடைத்தது 36.5. தவறு ஹிலாரியின் எண்ணில்தான்: முப்பதை ஒட்டிச் சொன்னது முப்பத்தொன்பதாயிற்று. வாக்களித்தவர்களில் 57 விழுக்காடு பெண்கள். அவர்களிடம் ஹிலாரி 46, ஒபாமா 34. ஐந்து நாள் முன்பு அயோவாப் பெண்களிடம் ஒபாமாவே முன்னே நின்றார். நகர்ந்தது பெண்களின் வாக்கு. இனத்தைக் காரணமாகச் சொல்லுமுன் எந்த எண் பிசகியது என்று பார்ப்பது முதல் வேலை.

ஜனவரி 20, ஞாயிறு

நெவாடா. ஹிலாரி 51, ஒபாமா 45. ஆனால் தேசியப் பிரதிநிதிகள் (கட்சியின் தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. ஒற்றைப்படை எண்ணிக்கையில் இடமுள்ள தொகுதிகளின் விளையாட்டு. இதைப் பிறகு விரிவாக எழுத வேண்டும். லத்தீனோக்களில் மூன்றில் இரண்டு பேர் ஹிலாரி பக்கம். சமையல் தொழிலாளர் சங்கத் தலைமை ஒபாமாவை ஆதரித்தும் உறுப்பினர்கள் அப்படியே பின்தொடரவில்லை.

ஜனவரி 27, ஞாயிறு

தென் கரோலினா: ஒபாமா 55, ஹிலாரி 27, எட்வர்ட்ஸ் 18. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களில் 78 விழுக்காடு ஒபாமாவுக்கு. வெள்ளையரில் 24 மட்டுமே. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கட்சி நிறத்தால் பிளந்துவிட்டது என்கிறார்கள்.

இரண்டு விஷயம் விடுபடுகிறது. ஒன்று, சென்ற ஆண்டு இலையுதிர்காலம் வரை கறுப்பின வாக்காளரிடம் ஹிலாரியே முந்தியிருந்தார். வெள்ளையர் ஒபாமாவுக்கு வாக்களிப்பார்களா என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. அயோவா அதைத் தீர்த்த பிறகுதான் அலை திரும்பியது. நிறத்துக்காகக் கண்மூடிப் போட்டார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பது. இரண்டு, முப்பது வயதுக்கு உட்பட்ட வெள்ளையரில் பாதிப் பேர் ஒபாமாவுக்குப் போட்டிருக்கிறார்கள். அட்டவணையில் இனம் என்ற வரிசைக்குக் கீழே வயது என்ற வரிசையும் இருக்கிறது.

முன்பு போட்டியிட்ட கறுப்பின வேட்பாளர் ஜெஸ்ஸி ஜாக்சனும் 1984, 1988இல் இங்கே ஜெயித்தவர்தான் என்று பில் கிளிண்டன் நேற்று சொன்னார். வெற்றியைச் சின்னதாக்கச் சொன்னது என்றே கறுப்பினத்தவர் எடுத்துக்கொண்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜாக்சன் பெயரை எடுத்தாயிற்று என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1984இல் அவருக்கு 18 விழுக்காடு வாக்கு. பிரதிநிதிகளோ சுமார் 12 விழுக்காடு. அன்று குறைந்தபட்ச வரம்பு பொதுவாக 20, பல மாநிலங்களில் ஜெயித்தவருக்குக் கூடுதல் இடம். ஜாக்சன் நான்கு ஆண்டு இதை எதிர்த்துப் பேசினார். வரம்பு 15 ஆனது. 1988 மாநாட்டுப் பேச்சுவார்த்தையில், இனி எல்லா மாநிலத்திலும் வாக்கு விகிதப்படியே இடம் என்று எழுதி வாங்கினார். இந்த ஆண்டு நடக்கும் கணக்கு முழுதும் அந்த விதியின் மேல் நிற்கிறது.

பிப்ரவரி 8, வெள்ளி

செவ்வாயன்று 22 மாநிலங்கள். கலிபோர்னியா ஹிலாரிக்கு, 51.5க்கு 43. அங்கே வாக்களித்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் லத்தீனோக்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு. ஆசியரில் பத்துக்கு ஏழு பேர். கறுப்பு, வெள்ளை என்று இரண்டே கட்டம் போட்டுப் பார்ப்பவர்களுக்குக் கலிபோர்னியா புரியவே புரியாது.

இப்போது ஒற்றை, இரட்டைக் கணக்கு. பிரதிநிதிகளில் பெரும்பகுதி காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதிவாரியாகப் பிரிகிறது. இரண்டே பேர் மோதும்போது:

4 இடமுள்ள தொகுதி: 62.5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் 3க்கு 1. அதுவரை 2க்கு 2.
5 இடம்: பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தாலே 3க்கு 2. 4க்கு 1 ஆக 70 வேண்டும்.
6 இடம்: 58.3 வரை 3க்கு 3.
7 இடம்: பாதியைத் தாண்டினால் 4க்கு 3. 5க்கு 2 ஆக 64.3.

கலிபோர்னியாவில் 4 இடத் தொகுதிகள் நிறைய. அவற்றில் 58, 60 என்று வாங்கியும் ஹிலாரிக்கு மிச்சம் எதுவுமில்லை. அதே நாளில் ஐடஹோ என்ற சின்ன, ஏறக்குறைய முழுக்க வெள்ளையரே வாழும் மாநிலத்தில் ஒபாமா கிட்டத்தட்ட 80 விழுக்காடு. 18 இடத்தில் 15 அவருக்கு, 3 ஹிலாரிக்கு: லாபம் 12. நியூ ஜெர்சியில் ஹிலாரி பத்துப் புள்ளி முந்தி 59க்கு 48: லாபம் 11. ஐடஹோவில் வந்தவர்கள் சுமார் 21 ஆயிரம். நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கு மேல். ஹிலாரி அணி இதைக் கவனிக்காமல் விட்டதும், ஒபாமா அணி ஐடஹோவில் அலுவலகம் திறந்து ஆள் வைத்ததும்தான் வித்தியாசம்.

காகஸ் முறை நியாயமானது என்று சொல்ல மாட்டேன். இரவு வேலைக்குப் போகிறவர், நடக்க முடியாத முதியவர், கைக்குழந்தைக்காரி ஏழு மணிக்கு அங்கே இரண்டு மணிநேரம் நிற்க முடியாது. ஒபாமா அதனால் பயனடைகிறார் என்பது உண்மை.

பிப்ரவரி 20, புதன்

விஸ்கான்சின் ஒபாமாவுக்கு, 58க்கு 41. சென்ற வாரம் விர்ஜீனியா 64க்கு 35, அங்கே வெள்ளையரிலும் 52 அவருக்கு. பிரதிநிதிகள் 54க்கு 29. ஆனால் அதே விர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை, நிலக்கரி மலைப்பகுதியான 9ஆம் தொகுதி, ஹிலாரியிடம். குறித்துவைக்க வேண்டிய இடம்.

மார்ச் 8, சனி

ஒஹாயோ ஹிலாரிக்கு. வெள்ளையரில் 64க்கு 34. இரண்டு வாரம் முன்பு விஸ்கான்சின் வெள்ளையர் ஒபாமாவுக்குப் பாதிக்கு மேல் போட்டவர்கள். இரண்டுமே தொழிற்சாலை மாநிலங்கள்.

டெக்சாஸ் விசித்திரம். 193 இடத்தில் 126 வாக்குச்சீட்டுப்படி, 67 அன்றிரவே நடக்கும் காகஸ்படி. அந்த 126ஐ 31 மாநில செனட் தொகுதிகளுக்குப் பகிர்கிறார்கள். அளவுகோல், 2004, 2006 தேர்தல்களில் அங்கே கட்சிக்கு விழுந்த வாக்கு. பல்கலைக்கழக நகரமான ஆஸ்டினின் 14ஆம் தொகுதிக்கு 8. ஹூஸ்டன் கறுப்பினப் பகுதியின் 13ஆம் தொகுதிக்கு 7. ரியோ கிராண்டே ஓரத்து லத்தீனோ தொகுதிகளுக்கு 3, 4. சென்ற முறை அங்கே வாக்களித்தவர்கள் குறைவு என்பதால் இந்த முறை இடமும் குறைவு. லத்தீனோக்களிடம் ஹிலாரி 66க்கு 32 முந்தியும், வாக்கில் ஜெயித்தும், வாக்குச்சீட்டுப்படியான பிரதிநிதிக் கணக்கில் 65க்கு 61தான். காகஸ் எண்ணி முடியவில்லை; அதில் ஒபாமா நன்றாக முன்னே நிற்கிறார். மொத்தத்தில் டெக்சாஸ் பிரதிநிதிகள் அவருக்கே அதிகம் வரும்.

இதே டெக்சாஸில் 1944 வரை ஜனநாயகக் கட்சியின் பிரைமரி வெள்ளையருக்கு மட்டும். கட்சி தனியார் சங்கம், உறுப்பினரைத் தேர்வது எங்கள் உரிமை என்றார்கள். ஹூஸ்டனைச் சேர்ந்த லானி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் உச்ச நீதிமன்றம் வரை போய் அதை உடைத்தார். அந்த ஹூஸ்டனின் 13ஆம் தொகுதிக்கு இன்று ஏழு இடம்.

மார்ச் 12, புதன்

மிசிசிப்பி ஒபாமாவுக்கு, 61க்கு 37. கறுப்பினத்தவர் 92 விழுக்காடு ஒபாமா, வெள்ளையர் 70 விழுக்காடு ஹிலாரி. இதுவரை கண்டதில் மிக ஆழமான பிளவுகளில் ஒன்று. ஆனால் அட்டவணையை வாசிக்கும்போது கவனம். மிசிசிப்பியில் கட்சிவாரிப் பதிவு கிடையாது, யாரும் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். வாக்களித்தவர்களில் எட்டில் ஒருவர் தம்மைக் குடியரசுக் கட்சியினர் என்றார், அவர்களில் நாலில் மூன்று பேர் ஹிலாரிக்கு. "வெள்ளை ஜனநாயகக் கட்சியினர்" என்று எழுதப்படுகிற எண்ணுக்குள் இவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று: மாலை ஐந்து மணிக்குக் கசியும் எக்ஸிட் போல் (வாக்களித்து வெளியே வருவோரிடம் கேட்டு எடுக்கும் கணிப்பு) எண்களை நம்ப வேண்டாம். வாக்குப்பதிவு முடிந்து, எண்ணிய வாக்கோடு பொருத்தி எடை போட்ட பிறகு வருவதுதான் பயன்படும்.

1964இல் மிசிசிப்பி அனுப்பியது முழு வெள்ளையர் அணி. கறுப்பின உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரும் தோழர்களும் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்கு மாற்று அணியாகப் போனார்கள். கட்சி இரண்டு இடம் தருகிறோம் என்றது. மறுத்துவிட்டார்கள். நேற்று அங்கே வாக்களித்தவர்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர்.

ஏப்ரல் 26, சனி

பென்சில்வேனியா. ஹிலாரி 54.6, ஒபாமா 45.4. இது மூடிய பிரைமரி: மார்ச் 24க்குள் கட்சியில் பதிந்தவர் மட்டுமே. வெள்ளையர் 63க்கு 37 ஹிலாரி, கறுப்பினத்தவர் 90க்கு 10 ஒபாமா. ஒபாமாவின் தேவாலயப் பாதிரியார் ரைட்டின் சர்ச்சைக்குரிய பிரசங்கத் துண்டுகள் தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் ஓடின, பிலடெல்பியாவில் ஒபாமா இனம் பற்றி நீண்ட உரை ஆற்றினார், சான் ஃபிரான்சிஸ்கோவில் சிறுநகரத்தார் கசப்பில் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னது வெளியாயிற்று. இத்தனைக்குப் பிறகும் அந்த எண்கள் ஒஹாயோ எண்களிலிருந்து அதிகம் நகரவில்லை.

பிலடெல்பியாவின் 2ஆம் தொகுதிக்கு மட்டும் 9 இடம், கட்சிக்கு எப்போதும் அள்ளிப் போடும் தொகுதி என்பதால். மாநிலம் முழுக்கச் சேர்த்து 85க்கு 73. லாபம் 12. இருபத்து மூன்று லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் ஹிலாரிக்குக் கிடைத்தது, 21 ஆயிரம் பேர் கூடிய ஐடஹோவில் ஒபாமாவுக்குக் கிடைத்த அதே 12.

மே 9, வெள்ளி

வட கரோலினா ஒபாமாவுக்கு 14 புள்ளி. இண்டியானா ஹிலாரிக்கு ஒரு புள்ளி. உழைக்கும் வெள்ளையரிடம் ஒபாமாவின் ஆதரவு சரிகிறது என்று ஹிலாரி பேட்டியில் சொல்லியிருக்கிறார். உழைக்கிறவர் என்றால் வெள்ளையர் என்பதுபோல அந்த வாக்கியம் அமைந்தது வருத்தமானது. வட கரோலினாவில் அதிகாலை வேலைக்குப் போகுமுன் வரிசையில் நின்ற கறுப்பினத்தவர் யார்?

மே 21, புதன்

நேற்று ஒரே நாளில் இரண்டு மாநிலம். கென்டக்கி ஹிலாரிக்கு 65.5க்கு 30. ஓரிகன் ஒபாமாவுக்கு 58.5க்கு 40.5. பிரதிநிதிகள் 37க்கு 14, 31க்கு 21.

கறுப்பினத்தவர் மிகக் குறைவான மாநிலத்திலும் மிக அதிகமான மாநிலத்திலும் ஒபாமா ஜெயிப்பார், நடுவில் இருப்பவற்றில் தோற்பார் என்று ஒரு கொள்கை உலவுகிறது. ஓரளவு பொருந்தவும் செய்தது. ஆனால் சென்ற வாரம் மேற்கு விர்ஜீனியா: கறுப்பினத்தவர் மூன்று விழுக்காடு, ஹிலாரி 67க்கு 26. ஓரிகனில் இரண்டு விழுக்காடு, அங்கே ஒபாமா. மக்கள்தொகைக் கணக்கு மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. மேற்கு விர்ஜீனியாவில் வெள்ளை வாக்காளரில் ஐந்தில் ஒருவர், இனம் என் முடிவில் ஒரு காரணம் என்று கணிப்பாளரிடம் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டார்; அவர்களில் பெரும்பாலோர் ஹிலாரிக்கு. அதை மறைத்து எழுதக் கூடாது. அதோடு அது மூத்தவர்கள் நிறைந்த, கல்லூரிப் பட்டம் குறைந்த, சுரங்கம் சுருங்கிப்போன மலைநாடு. விர்ஜீனியாவின் 9ஆம் தொகுதியும் கிழக்குக் கென்டக்கியும் இதே மலைத்தொடர்தான். கோடு மாநில எல்லையில் ஓடவில்லை, அப்பலாச்சிய மலையில் ஓடுகிறது.

ஜூன் 1, ஞாயிறு

கட்சியின் விதிக்குழு நேற்று நாள் முழுக்க உட்கார்ந்தது. கட்சி விதித்த தேதியை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்திய புளோரிடா, மிஷிகன் இரண்டின் பிரதிநிதிகளுக்கும் பாதி வாக்கு.

மிஷிகன் சிக்கல் இது: சீட்டில் ஒபாமா பெயரே இல்லை, விலக்கிக்கொண்டார். ஹிலாரி 55, "யாருக்கும் உறுதியில்லை" என்ற கட்டம் 40. விதிப்படி அந்தக் கட்டமும் 15ஐத் தாண்டினால் ஒரு வேட்பாளர் மாதிரியே இடம் பெறும். டெட்ராய்ட் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் அதில்தான் முத்திரை வைத்தார்கள். வாக்குப்படி 73க்கு 55. குழு 69க்கு 59 என்று தீர்த்து, ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு கொடுத்தது. ஆதரவு 19, எதிர்ப்பு 8. நான்கு பிரதிநிதிகளைப் பறித்தார்கள் என்று ஹிலாரி தரப்பு கொதிக்கிறது. யாருக்கும் விழாத வாக்கை ஒருவர் கணக்கில் எழுதியது சரியான முன்மாதிரி அல்ல; அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

வெற்றிக்கு வேண்டிய பிரதிநிதி வாக்கு எண்ணிக்கை 2,025இலிருந்து 2,118 ஆகிவிட்டது.

ஜூன் 4, புதன்

நேற்று தெற்கு டகோட்டா ஹிலாரிக்கு, மொன்டானா ஒபாமாவுக்கு. சூப்பர் டெலிகேட்டுகள் (மக்கள் வாக்கால் அன்றிக் கட்சிப் பொறுப்பால் பிரதிநிதியாகும் தலைவர்கள்) வரிசையாக வந்து சேர, இரவு 2,118ஐத் தாண்டினார் ஒபாமா.

வாக்கால் வந்த பிரதிநிதிகளில் மட்டும் பார்த்தால் அவர் முன்னிலை சுமார் 125. பிப்ரவரி 5க்கும் மார்ச் 4க்கும் இடையே தொடர்ந்து ஜெயித்த 11 போட்டிகளின் லாபத்தைத் தனியே கூட்டிப் பார்த்தேன்: லூயிசியானா, நெப்ராஸ்கா, வாஷிங்டன், மெய்ன், மேரிலாந்து, விர்ஜீனியா, ஹவாய், விஸ்கான்சின், இன்னும் சில. சுமார் 120 வருகிறது.