லாபமே இல்லாத கம்பெனி நன்கொடை தருகிறது

கம்பெனிக்கு ஓட்டு கிடையாது. ஆனால் தேர்தலில் அதன் குரல்தான் உரக்கக் கேட்கிறது.

அமெரிக்காவில் 2010-இல் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, நிறுவனங்கள் தேர்தலுக்காக, வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செய்யும் செலவுக்கு இருந்த தடையை நீக்கியது. சரி, வேட்பாளரிடம் நேராகப் பணம் கொடுப்பதற்கான தடையாவது அங்கே மிஞ்சியது.

இந்தியாவில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முன்பெல்லாம் ஒரு நிறுவனம், கடந்த 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தர முடியாது. 2017-இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. லாபமே பார்க்காத இடத்திலிருந்து வரும் பணம் உண்மையில் யாருடையது? அப்புறம் 2018-இல், வங்கியில் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரம் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது. பத்திரத்தை வாங்கியவர் யார் என்று, அதை விற்ற அரசு வங்கிக்குத் தெரியும்!

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்ற அமர்வின் 5 நீதிபதிகளும் ஒருமனதாக, வரம்பை எடுத்த திருத்தம், தேர்தல் பத்திரம் இரண்டையும் ரத்து செய்தார்கள். மார்ச்சில், பத்திரத்தை வாங்கியவர்கள், பணம் பெற்ற கட்சிகள் பட்டியல் வெளியே வந்தது. ஆனால் 2019 மக்களவைத் தேர்தலில் நாம் எல்லோரும் இது தெரியாமலேயேதான் ஓட்டுப் போட்டோம். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.