தோட்டத்தில் ட்ரிம்மரை எடுக்கும் முன்

வெளிநாட்டில் குடியேறி, தோட்டம் உள்ள ஒரு வீட்டுக்கு மாறும்போது, சாவியோடு சேர்த்துப் புல்லும் நம் பொறுப்பாகிவிடுகிறது. வாடகை ஒப்பந்தத்திலேயே புல்லைப் பராமரிப்பது குடியிருப்பவர் வேலை என்று எழுதியிருப்பார்கள். எங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தது. ஆள் வைத்துச் செய்யக் கட்டுப்படியாகவில்லை, நாங்களே இறங்கினோம். நடுவிலுள்ள புல்வெளியைத் தள்ளும் மெஷின் பார்த்துக்கொள்ளும். வேலியோரம், சுவரின் அடி, படிக்கட்டு இடுக்கு என்று அது போகாத இடங்களுக்குத்தான் நைலான் நரம்பு சுழலும் ட்ரிம்மர் வேண்டும்.

பேட்டரியில் ஓடுவதைத்தான் நம்மில் பலர் வாங்குகிறோம். பெட்ரோல் ஊற்ற வேண்டாம், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம், வயர் காலில் சிக்காது. எடையும் குறைவு, சத்தமும் குறைவு. எனக்குக் கவலை தருவதும் அந்த இரண்டும்தான். கையில் எடுத்தால் துடைப்பம்போல இருக்கிறது. அதனால் வீட்டில் உடுத்தியிருக்கும் லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் நேராகத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த நரம்பின் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 செ.மீ. அகலத்துக்கு வெட்டும் தலை நிமிடத்துக்கு 7,000 முறை சுழன்றால், நரம்பின் நுனி மணிக்கு ஏறக்குறைய 400 கி.மீ. வேகத்தில் போகிறது. நிற்கும்போது விரலால் வளைக்கக்கூடிய நரம்பு, அந்த வேகத்தில்தான் விறைத்துக் கத்தியாகிறது. 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்து இதை முதலில் செய்து பார்த்தார். வளையும் பொருளாக இருப்பதால்தான் சுவரிலோ கல்லிலோ பட்டாலும் நுனி தேய்வதோடு போகிறது. நரம்பு சீக்கிரம் தீர்கிறதே என்று அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியைக் கட்டும் யோசனை சிலருக்கு வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பி முறிந்தால் அந்தத் துண்டு தோட்டாவைப் போலப் பறக்கும். மெஷினில் என்ன தடிமன் போட்டிருக்கிறதோ, 1.6 மி.மீ. என்றாலும் 2.4 என்றாலும், அதே நைலான் நரம்பைத்தான் மாட்ட வேண்டும்.

நரம்பு நேராக வந்து படுவதைவிட, அது அடித்துக் கிளப்பும் பொருள்தான் பெரிய ஆபத்து. என் பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில், கண்ணின் மணிக்கு நேராக, அரிசி முனையளவு ஒரு குழி இருக்கிறது. சரளைக்கல் ஓரத்தில் வெட்டும்போது விழுந்தது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வேலைக்கு வேறு வாங்கிவிட்டு, இதை வருகிறவர்களிடம் காட்டுவதற்காக ஷெட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். பார்வைக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி இதற்குப் போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். ஐரோப்பாவில் ஈஎன் 166 (EN 166), அமெரிக்காவில் இசட் 87 (Z87) என்று தரக்குறி பொறித்த பாதுகாப்புக் கண்ணாடியை அதன் மேலேயே போட்டுக்கொள்ளலாம். முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, கையுறை. துப்பட்டா, ஹூடியின் கயிறு என்று தொங்கும் எதுவும் கூடாது.

வெட்டத் தொடங்கும் முன் இடத்தை ஒருமுறை நடந்து பார்ப்பது என் வழக்கம். கண்ணாடிச் சில்லு, ஆணி, முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கம்பித் துண்டு, குழந்தைகளின் பொம்மை, எல்லாம் நீண்ட புல்லுக்குள் ஒளிந்திருக்கும். தவளை மாதிரிச் சிறு உயிர்களும் அங்கேதான் படுத்திருக்கும். காலால் மெல்ல விலக்கிப் பார்த்தால் அவை நகர்ந்து போக நேரம் கிடைக்கும். தொட்டால் தோல் கொப்பளிக்கும் செடிகள் சில நாடுகளில் உண்டு. அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. நரம்பு அவற்றின் சாற்றை உங்கள் மேலேயே தெளிக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சத்தம் குறைவு என்பதால் அவர்கள் பயப்படாமல் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள், பின்னால் நிற்பது நமக்கும் தெரிவதில்லை. 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்று பல கையேடுகள் சொல்கின்றன. நம்முடைய தோட்டம் அவ்வளவு நீளம் இருக்காது, ஆகவே பிள்ளைகள் வீட்டுக்குள், கதவு சாத்தி. சாலையில் யாராவது நடந்து வந்தால் விசையை விட்டுவிட்டு அவர்கள் கடந்து போகும்வரை நிற்கிறேன். விசையை விட்ட பிறகும் தலை சில நொடிகள் சுற்றும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் தோட்ட வேலையைக் கையில் எடுப்பார்கள். கையேட்டில் பத்து மொழி இருக்கும், தமிழ் இருக்காது. ஆனால் மெஷின்மேலேயே ஒட்டிய படங்கள் இருக்கின்றன: கண்ணாடி போட்ட முகம், மழைத்துளி, கல் பறந்து வந்து ஒரு ஆளின் மேல் படுவது. அப்பாவுக்கு அந்தப் படங்களைக் காட்டித்தான் விளக்கினேன். 'இதுல பேட்டரி இருந்தா உயிரோட இருக்குன்னு வெச்சுக்கோங்கப்பா' என்றேன். அதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். தலையில் புல் சுற்றிக்கொண்டால் எடுக்க, நரம்பு மாற்ற, துடைக்க, ஏன், மெஷினைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட முதலில் பேட்டரியைக் கழற்றுகிறார். எனக்குத் தெரிந்து இதைவிட முக்கியமான பழக்கம் வேறில்லை.

அப்புறம், வெட்டும் விதம். தலை எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்று அம்புக்குறி இருக்கும். நரம்பு நம்மைவிட்டு விலகிப் போகும் பக்கத்தால் வெட்டினால் குப்பை வெளிப்பக்கம் பறக்கும். உயரமான புல்லை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வெட்டுங்கள், ஒரேயடியாக அடியில் விட்டால் தலையில் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் தடுப்பு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றவே கூடாது. அதில் உள்ள சிறு பிளேடுதான் நரம்பைச் சரியான நீளத்துக்கு நறுக்குகிறது. இளமரங்களின் அடியில் ட்ரிம்மரைக் கொண்டுபோகாதீர்கள். பட்டை ஒரு சுற்று முழுக்க உரிந்தால் மரம் பட்டுப்போகும். அங்கே கையால்தான் களை பிடுங்க வேண்டும்.

மழையில் வேண்டாம், ஹோஸ் பிடித்துக் கழுவவும் வேண்டாம், ஈரத்துணி போதும். நரம்பு காய்ந்து முறிந்துகொண்டே இருந்தால், அதை மட்டும் ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள். நைலான் ஈரத்தை இழுத்து மறுபடி வளைய ஆரம்பிக்கும்.

குளிர் நாட்டுக்கு வந்தவர்கள் பேட்டரியை ஷெட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுவிடும். சூடான காருக்குள் வைப்பதும் அதே அளவு தப்பு. அதோடு வந்த சார்ஜரில் மட்டும், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். பனிக்காலம் முழுக்க நான் பாதி சார்ஜில் வீட்டுக்குள் அலமாரியில் வைக்கிறேன். உப்பிய பேட்டரியையும் கீழே விழுந்து விரிசல் விட்டதையும் மறுபடி மாட்டக்கூடாது, குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது, வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது நகராட்சியின் குப்பை அட்டவணையிலேயே பெரும்பாலும் இருக்கும்.